மென்பொருளைக் கொள்கலனில் அடைப்பது எப்படி?

2004 டிசம்பர் 26ஆம் திகதி மட்டக்களப்பின் நாவலடி, கல்லடிக் கரைகளைச் சுனாமி அழித்தது. காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் பற்றிய விவரங்களைப் பதிய இலங்கைத் தன்னார்வலர்கள் ‘சஹானா’ என்ற கட்டற்ற மென்பொருளை உருவாக்கினர். இத்தகைய மென்பொருளை வேறொரு கணினியில் நிறுவும்போது, அங்குள்ள பிஎச்பி அல்லது தரவுத்தளத்தின் பதிப்பு மாறியிருந்தாலே அது இயங்காமல் போகலாம். அனர்த்த வேளையில் அந்தத் தாமதம் சிறியதல்ல.

கொள்கலன் முறை இச்சிக்கலைத் தீர்க்கிறது. மென்பொருளும் அதற்குத் தேவையான அனைத்தும் ஒரே பொதியாகின்றன. 2013இல் வெளிவந்த ‘டொக்கர்’ இம்முறையைப் பரவலாக்கியது.

தொடங்கும் முறை:

1. டொக்கரை நிறுவி, ‘டொக்கர் ரன் ஹலோ-வேர்ல்ட்’ கட்டளையால் சோதியுங்கள்.

2. ‘டொக்கர்ஃபைல்’ என்ற கோப்பில் அடிப்படைப் படிமம், சேர்க்கவேண்டிய கோப்புகள், தொடக்கக் கட்டளை ஆகியவற்றை எழுதுங்கள்.

3. ‘டொக்கர் பில்ட்’ மூலம் உங்கள் படிமத்தை உருவாக்குங்கள். படிமம் ஓர் அச்சு. அதிலிருந்து ‘ரன்’ கட்டளையால் இயங்குவதே கொள்கலன்.

4. தரவை ‘வொலியூம்’ எனும் தனிச் சேமிப்பில் வையுங்கள். கொள்கலனை நீக்கினால் அதற்குள் எழுதிய தரவும் போய்விடும். காணாமற்போனோர் பட்டியல் அப்படி அழியக்கூடாது.

5. ‘டொக்கர் சேவ்’ மூலம் படிமத்தை ஒரே கோப்பாகப் பென்ட்ரைவில் எடுங்கள். மறுகணினியில் ‘டொக்கர் லோட்’ செய்யுங்கள்.

அங்கும் டொக்கரும் அதே வகைச் செயலியும் இருந்தால், வெள்ளத்தில் இணையம் அறுந்த வாவிக்கரைக் கிராமத்திலும் பதிவு வேலை தொடரும். வெள்ளம் வருமுன்பே ஒருமுறை பரீட்சித்து வையுங்கள்.