‘அந்த நாள்’: துப்பறியும் வடிவமும் துரோகம் பற்றிய வினாவும்

தமிழ்த் திரைப்பட வரலாறு பேசப்படும் இடங்களிலெல்லாம், 1954 ஏப்பிரல் 13ஆம் திகதி வெளியான ‘அந்த நாள்’ ஒரே தொடரால் அறிமுகப்படுத்தப்பட்டு வந்துள்ளது: பாடல்களற்ற முதல் தமிழ்ப்படம். இக்கூற்று உண்மையே. ஆயினும், ஒரு படைப்பை அதில் இல்லாத ஒன்றைக்கொண்டே இனங்காணும் இவ்வழக்கம், அதில் உள்ளவை பற்றிய விசாரணைக்குத் தடையாகிவிட்டது என்பது எமது கருத்து. கொன்றவர் யார் என்ற வினாவைப் படம் எழுப்பி அதற்கு விடையும் கூறுகின்றது. கொல்லப்பட்டவன் யாருக்குத் துரோகம் செய்தான் என்ற வினாவையோ அது எழுப்புவதேயில்லை. அவ்வினா எழாமற் காத்தது அப்படம் தேர்ந்துகொண்ட பிரித்தானியத் துப்பறியும் வடிவமே என்பதைக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் படம் உருவான சூழலை நோக்குவோம். 1952இல் இந்தியாவில் நடைபெற்ற முதலாவது சர்வதேசத் திரைப்பட விழா, அமெரிக்கப் படங்களையே பிறநாட்டுப் படங்களாக அறிந்திருந்த கலைஞர்களுக்கு இத்தாலியையும் யப்பானையும் திறந்து காட்டிற்று. அங்கு திரையிடப்பட்டவற்றுள் அகிரா குரோசாவாவின் ‘ரஷோமொன்’ (1950) ஒன்று. முந்திய ஆண்டில் வெனிஸ் விழாவின் முதற்பரிசு பெற்ற இப்படத்தின் பாதிப்பிலிருந்தே, பின்னாளில் வீணை வித்துவானாகப் பெரும்புகழ் எய்திய எஸ். பாலசந்தர் தமது கதையை உருவாக்கினார். பாலசந்தர் அப்போது இருபத்தைந்தை அண்டிய இளைஞர். 1934இல் ‘சீதா கல்யாண’த்திற் சிறுவனாகத் தோன்றியது முதல் திரையுலகிலேயே வளர்ந்தவர், ‘இது நிஜமா’ (1948), ‘கைதி’ (1951) ஆகிய படங்களை ஏற்கெனவே நெறிப்படுத்தியிருந்தார். திரைக்கதை வசனத்தை ஜாவர் சீதாராமன் எழுதினார். துப்பறியும் அதிகாரியாக நடித்தவரும் அவரே. ஒளிப்பதிவு மாருதி ராவ். கதாநாயக பாத்திரத்திற்குக் கல்கத்தாவிற் பேராசிரியராயிருந்த என். விசுவநாதனும், எஸ்.வி. சகஸ்ரநாமமும் முதலிற் கருதப்பட்டு, ஈற்றில் அது சிவாஜி கணேசனிடம் வந்து சேர்ந்தது. இதற்கு ஆறு கிழமைகளுக்கு முன்னரே அவரது ‘மனோகரா’ வெளியாகியிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. அங்கு சங்கிலிகளை அறுத்துக்கொண்டு அடுக்குமொழி முழங்கிய நடிகர், இங்கு படம் தொடங்கும்போதே பிணமாகக் கிடக்கின்றார்.

தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பனைப் பற்றி இவ்விடத்தில் சற்று விரிவாகக் கூறுதல் தகும். காரைக்குடியில் வாணிகம் செய்த குடும்பத்தவரான இவர், சினிமாவுக்கு வந்தது இசைத்தட்டு வணிகத்தின் வழியாகவே. அவரது சரஸ்வதி ஸ்ரோர்ஸ் இசைத்தட்டுகளை வெளியிட்டு விற்ற நிறுவனம். பாட்டை அதன் சூழலிலிருந்து பிரித்தெடுத்து, மெழுகுத்தட்டிற் பதித்து, விலைகுறித்து விற்கும் தொழிலிலே திரண்ட மூலதனம், தமிழின் முதலாவது பாட்டில்லாப் படத்துக்குப் பணம் இட்டமை ஒரு சுவையான முரண். இதனைத் தனிமனித துணிவு என்று கூறி முடித்துவிட முடியாது. 1947இல் ‘நாம் இருவர்’, 1952இல் ‘பராசக்தி’ எனத் தொடர்ந்து இலாபம் ஈட்டிய ஒரு கலையகமே இத்தகைய சோதனையின் நட்டத்தைத் தாங்கவல்லதாக இருந்தது.

இனி வடிவத்துக்கு வருவோம். ‘ரஷோமொன்’ படத்தின் வழித்தோன்றல் என ‘அந்த நாள்’ பரவலாகக் குறிப்பிடப்படினும், அமைப்பால் அது நெருங்கி நிற்பது 1950இல் வெளிவந்த பிரித்தானிய மர்மப்படமொன்றுடனேயே. அந்தனி அஸ்குவித் நெறிப்படுத்திய ‘த வுமன் இன் குவெஸ்ரியன்’ என்பதே அப்படம். (முதலாம் உலகப் போருள் பிரித்தானியாவை இட்டுச்சென்ற பிரதமரின் மகன் இந்நெறியாளர் என்பதை ஒருபுறம் குறித்துக்கொள்ளலாம்.) கடற்கரை நகரமொன்றிற் குறிசொல்லிப் பிழைக்கும் பெண்ணொருத்தி கொலையுண்டு கிடக்கிறாள், பொலீசார் விசாரிக்கும் ஐவரும் ஐந்து வேறு பெண்களைப் பற்றிப் பேசுவதுபோல அவளைப் பற்றிப் பேசுகின்றனர். ஜீன் கென்ற் அவ்வைந்து சாயல்களையும் நடித்துக் காட்டினார். குரோசாவாவின் படத்திலும் சாட்சியங்கள் முரண்படுகின்றன. ஆனால் அங்கு உண்மை எதுவெனத் தீர்ப்பளிக்க எவருமில்லை; விசாரிக்கும் நீதிபதியின் முகமே காட்டப்படுவதில்லை. அஸ்குவித்தின் படத்திலோ பொலீஸ் அதிகாரி இருக்கிறார். முரண்களையெல்லாம் வடித்தெடுத்துக் கொலையாளியைக் கண்டுபிடிக்கிறார். பிரித்தானியத் துப்பறியும் கதையின் உயிர்நாடி இதுவே. சமூகம் ஒரு கணம் குலைகிறது, அரசின் அறிவு அதனை மீண்டும் ஒழுங்குபடுத்துகிறது. இவ்வடிவத்தில் எவரும் சந்தேகிக்கப்படலாம். விசாரிக்கும் அரசு மட்டும் சந்தேகிக்கப்படுவதில்லை.

‘அந்த நாள்’ இவ்வடிவத்தையே மேற்கொண்டது. 1943 ஒக்ரோபரில் சென்னை மீது யப்பானிய விமானம் குண்டு வீசிய வேளையில், வானொலிப் பொறியியலாளன் ராஜன் சுடப்பட்டு இறக்கிறான். அயல்வீட்டார், தம்பி, தம்பி மனைவி, அவனோடு தொடர்புடைய நடனக்காரி, மனைவி உஷா என ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுகின்றனர். இவர்தம் கூற்றுகளினூடாகச் சொத்துப் பிரிவினையும் பணத்தாசையும் கள்ள உறவும் கொண்ட நகர்ப்புற மத்தியதர வர்க்கக் குடும்பமொன்றின் உள்ளரங்கு வெளிப்படுகின்றது. தமிழ்ப்படம் குடும்பத்தைக் கோயிலாகக் காட்டிக்கொண்டிருந்த காலத்தில், அதனைச் சந்தேகத்துக்குரியோர் பட்டியலாகக் காட்டியமை சாதாரண சாதனையன்று. மர்மப்படத்தின் முடிவைக் கூறுவது முறையன்று என்பர். எழுபது ஆண்டுகளைக் கடந்துவிட்ட படத்துக்கு அவ்விதி பொருந்தாது. ராஜன் யப்பானியரின் உளவாளி. அவனைக் கொன்றது பண்டரிபாய் நடித்த, நாட்டுப்பற்று மிக்க உஷாவின் கையிலிருந்த துப்பாக்கி.

அவன் துரோகியானது எங்ஙனம்? மலிவான வானொலிப் பெட்டியொன்றை ஆக்கும் திட்டம் அவனிடம் இருந்தது. சொந்த நாட்டில் அதனை மதிப்பாரில்லை, யப்பான் மதித்தது. குடியேற்ற நாடொன்றில் அறிவியல் கற்ற இளைஞனின் நிலையைத் தமிழ்ச் சினிமா இவ்வளவு துல்லியமாகத் தொட்ட இடம் வேறில்லை எனலாம். ஏகாதிபத்தியம் குடியேற்ற நாட்டைச் சந்தையாக வைத்திருக்க விரும்பியதே தவிர, தொழிற்றுறை நாடாக வளரவிடவில்லை. ராஜனின் கண்டுபிடிப்பு புறக்கணிக்கப்பட்டமைக்கு இதுவே வரலாற்றுக் காரணம். படம் இவ்வாசல் வரை வந்துவிட்டு உள்ளே நுழையாமல் திரும்பிவிடுகின்றது. புறக்கணித்தது யார் என்பது ‘நாடு’ என்ற சொல்லுள் மறைந்துபோகிறது. 1943இல் சென்னையை ஆண்டது எவருடைய அரசு? அவனைப் போன்றோரைத் தேடிய பொலீஸ் எவருடைய பொலீஸ்? 1954இன் சுதந்திர இந்தியக் கொடி, பதினொரு ஆண்டுகள் பின்னோக்கி எடுத்துச் செல்லப்பட்டுப் பிரித்தானிய இந்திய அரசின் மீது போர்த்தப்பட்டுள்ளது.

அதே ஒக்ரோபர் மாதம் 21ஆம் திகதி, சிங்கப்பூரில் சுபாஸ் சந்திரபோஸ் யப்பானின் ஆதரவுடன் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசைப் பிரகடனம் செய்தார். அவரது படையிற் சேர்ந்தோருள் மலாயா இறப்பர்த் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர். 1945இல் அப்படையினரின் அதிகாரிகள் செங்கோட்டையில் விசாரிக்கப்பட்டபோது அவர்களுக்காக வழக்கறிஞர் அங்கி அணிந்து நின்றவர்களுள் நேருவும் ஒருவர். அந்த நேருவின் இந்தியாவில் வெளியான படமொன்று யப்பானுடன் தொடர்புகொண்டவனை எவ்விதத் தயக்கமுமின்றித் துரோகி என்கிறது. ராஜன் போசின் வீரனல்லன், மனக்கசப்பினால் இரகசியம் விற்றவன் என்று விடையிறுக்கலாம், அது நியாயமே. எனினும் அவ்விரு நிலைகளுக்கும் இடையிலான கோடு எங்கு செல்கிறது என்பதைப் பார்வையாளன் கேட்க இடமளிக்கும் ஒரு காட்சிதானும் படத்திலில்லை.

பழுகாமத்திலிருந்து இதனை எழுதும் எமக்கு இவ்வினா தொலைவிலுள்ளதன்று. மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் இவ்வூர் உள்ளது. கிழக்கே எழுவான்கரைக்கு அப்பாலுள்ள கடலில், 1942 ஏப்பிரல் 9ஆம் திகதி, யப்பானிய விமானங்களால் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மீஸ் மூழ்கடிக்கப்பட்டு முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று திருக்கோணமலையும் தாக்கப்பட்டது. நான்கு நாட்களுக்கு முன்னர் கொழும்பு. இவ்விரு தாக்குதல்களுக்குமிடையே, ஏப்பிரல் 7ஆம் திகதி, யுத்தத்தை எதிர்த்ததற்காகச் சிறைவைக்கப்பட்டிருந்த லங்கா சமசமாசக் கட்சித் தலைவர்கள் கண்டிச் சிறையிலிருந்து தப்பினர். அடுத்த மாதம் கொக்கோசுத் தீவிற் காவலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் கிளர்ந்தெழுந்து, தோல்வியுற்று, அவர்களில் மூவர் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டனர். மறுபுறம், சோவியத் நாடு தாக்கப்பட்டபின் இந்திய, இலங்கைக் கம்யூனிஸ்டுகள் இதனை மக்கள் யுத்தம் எனக் கண்டு நேச நாடுகளை ஆதரித்தனர். அன்றைய பாசிச அபாயத்தை நோக்குமிடத்து அம்முடிவுக்கு வலுவான நியாயம் இருந்தது. சயாம்–பர்மா ரயில்பாதையில் யப்பானியர் பலிகொண்ட பல்லாயிரம் தமிழ்த் தோட்டத் தொழிலாளரை நினைத்தால் அந்நியாயம் மேலும் உறுதிப்படும். ஆயினும் போசின் படையிற் சேர்ந்த தொழிலாளியைப் பாசிசத்தின் கைக்கூலி என இடதுசாரிகள் அன்று எளிதிற் கூறியமை, ‘அந்த நாள்’ காட்டும் தீர்ப்பிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. இடதுசாரி மரபில் நிற்கும் நாம் இதனைச் சொல்லாமல் கடந்து செல்வது நேர்மையாகாது.

படம் வசூலில் தோற்றது. பாடல் எங்கே எனக் கேட்டுப் பார்வையாளர் எரிச்சலுற்றனர். 1955இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் அதற்குத் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. தமிழுக்கான வெள்ளிப்பதக்கம் ‘மலைக்கள்ள’னுக்குச் சென்றது. இத்தோல்வியை இரசிகரின் அறியாமை என விளக்குவது இன்றும் வழக்கம். நாம் இதனை ஏற்கவில்லை. எமது பிரதேசத்துக் கூத்தில் பாத்திரம் களரிக்கு வருவதே வரவுத் தருவோடுதான். பாட்டு அங்கு கதையை நிறுத்தி வைப்பதன்று, கதையே பாட்டாய் நடப்பது. மேலும் பழுகாமத்துத் திரௌபதையம்மன் ஆலயத்திற் பாரதக் கதையைச் சடங்காய் நிகழ்த்தித் தீமிதிக்கும் மக்களுக்குத் துரியோதனன் எவ்வாறு மடிவான் என்பது பிறந்தது முதல் தெரியும். முடிவு தெரிந்த கதையை ஆண்டுதோறும் காண்பவர்கள் அவர்கள். யார் செய்தார் என்பதைவிடச் செய்தது தருமமா என்பதே அவர்களது அக்கறை. இத்தகைய கலைமரபிலிருந்து வந்த பார்வையாளர், பாட்டைத் தனிப்பண்டமாக்கி விற்ற தொழிற்றுறையால் இருபது ஆண்டுகளாகப் பழக்கப்படுத்தப்பட்டிருந்தனர். ஒரே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட ‘ஹரிதாஸ்’ (1944) போன்ற படங்களுக்கு மக்கள் திரும்பத் திரும்பச் சென்றது பாட்டுக்காகவே. துப்பு துலங்கியபின் மர்மப்படத்தை மீண்டும் பார்க்க என்ன இருக்கிறது? பாட்டை எடுத்துவிட்ட பாலசந்தர், அது விட்டுச்சென்ற இடத்தில் தருமம் பற்றிய வினாவை வைத்திருப்பாராயின், அப்பார்வையாளர் ஒருவேளை அவரோடு நின்றிருக்கக்கூடும். அவர் வைத்தது துப்பறியும் அதிகாரியை.

ராஜன் கனவு கண்ட மலிவு வானொலி, படம் வெளியாகிச் சில ஆண்டுகளின்பின் உண்மையாகவே வந்தது. வந்தது யப்பானிலிருந்து, ‘ட்ரான்சிஸ்ரர்’ என்னும் பெயருடன். வயல்வெளிகளுக்கும் வாடிகளுக்கும் அது எடுத்துச் செல்லப்பட்டது. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை அதில் இடையறாது ஒலித்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் சினிமாப் பாடல்களை.