சுத்தியலும் குறடும் – கொடைக்கானல் சலேத் மாதா கோவிலின் கதை



கொடைக்கானலுக்கு டூர் போகிறவர்கள் ஏரியைப் பார்ப்பார்கள், தூண் பாறை முன்னால் நின்று போட்டோ எடுப்பார்கள், சாக்லேட்டும் யூகலிப்டஸ் தைலமும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அந்த ஊரில் 1866-ஆம் ஆண்டு கட்டிய ஒரு பழைய கோவில் இருப்பது பலருக்குத் தெரியாது. சலேத் மாதா கோவில். ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் 14, 15 தேதிகளில் அங்கே திருவிழா நடக்கும். மலைக் கிராமங்களில் இருந்தும், கீழே வத்தலக்குண்டு, பெரியகுளம் பக்கம் இருந்தும் ஜனங்கள் வருவார்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, எல்லோரும்தான்.

எங்கள் பெரியப்பா கொடைக்கானல் பக்கம் உருளைக்கிழங்கு விவசாயம் செய்பவர். அதனால் சின்ன வயதிலிருந்தே இந்தத் திருவிழாவுக்குப் போயிருக்கிறேன். ஆனால் 'சலேத்' என்றால் என்ன என்று கல்லூரிக்கு வந்த பிறகுதான் தேடிப் பார்த்தேன். லூர்து தெரியும், வேளாங்கண்ணி தெரியும். இது என்ன சலேத்? தேடியபோது கிடைத்த கதை நான் நினைத்தது போல் இல்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காய்ச்சலில் பிறந்த ஊர்

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். 1821-இல் லெப்டினன்ட் வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி பழனி மலையை அளக்க வந்தார். அதற்குப் பிறகு 1845-இல் அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் மேலே வந்து இரண்டு வீடுகள் கட்டினார்கள். கொடைக்கானல் நகரத்தின் ஆரம்பம் அதுதான். இயற்கை அழகை ரசிக்க அவர்கள் வரவில்லை. 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அந்த மிஷனில் காலராவும் காய்ச்சலும் பெரியவர்களையும் குழந்தைகளையும் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. உயிர் பிழைக்க ஒரு குளிர்ந்த இடம் தேவைப்பட்டது.

கத்தோலிக்கர் பக்கமும் இதே நிலைதான். இயேசு சபையை 1773-இல் போப்பாண்டவரே கலைத்திருந்தார், 1814-இல் மறுபடி அனுமதி கிடைத்தது. பழைய மதுரை மிஷனைத் தொடர பிரெஞ்சு இயேசு சபைச் சாமியார்கள் 1838 வாக்கில் இங்கே வந்தார்கள். அவர்களிலும் பலர் சில வருடங்களிலேயே நோயில் இறந்துபோனார்கள்.

அப்போது மலைக்கு ரோடு கிடையாது. இளைத்துப்போன வெள்ளைக்காரர்களை டோலியில் உட்கார வைத்து, நம் ஊர் ஆட்கள் தோளில் சுமந்து மலை ஏறினார்கள். மனித உடம்பின் பலவீனத்தால் உருவான ஊர் கொடைக்கானல் என்று சொன்னால் தப்பில்லை. அந்த ஊரில்தான் மனித மனதின் பலவீனத்தைப் பற்றிப் பேசும் ஒரு கோவிலை சேன்-சீர் என்ற பிரெஞ்சுச் சாமியார் கட்டினார்.

பிரான்சில் என்ன நடந்தது?

சலேத் என்பது பிரான்சு நாட்டில் ஆல்ப்ஸ் மலையில் உள்ள ஒரு கிராமத்தின் பெயர். 1846, செப்டம்பர் 19, சனிக்கிழமை. மாக்சிமின் என்ற 11 வயதுப் பையனும், மெலானி என்ற 14 வயதுப் பெண்ணும் சுமார் 1800 மீட்டர் உயரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் ஏழைகள். ஒருவரை ஒருவர் அவ்வளவாகத் தெரியாது. மாக்சிமின் ஒரு வாரத்துக்கு மட்டும் கூலிக்கு வந்தவன்.

அங்கே ஒளி சூழ்ந்த ஒரு பெண்மணி உட்கார்ந்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு அழுததைப் பார்த்ததாக அவர்கள் சொன்னார்கள். லூர்து காட்சிக்கு 12 வருடங்களுக்கு முந்தைய சம்பவம் இது.

அந்தப் பெண்மணி என்ன சொன்னார்? ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமையை மதிப்பதில்லை, வண்டிக்காரர்கள் என் மகனின் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள், தவக்காலத்தைக் கூடப் பொருட்படுத்துவதில்லை என்று வருத்தப்பட்டாராம். கிழங்கு அழுகுவதையும் கோதுமை வீணாவதையும் பற்றிப் பேசினாராம். இது சும்மா சொன்ன பயமுறுத்தல் இல்லை. 1845 முதல் ஐரோப்பா முழுவதும் உருளைக்கிழங்கில் கருகல் நோய் பரவியிருந்தது. அயர்லாந்தில் மட்டும் அந்தப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம். அந்தப் பெண்மணி முதலில் பிரெஞ்சு மொழியில் பேசினாராம். உருளைக்கிழங்கு என்பதற்கான பிரெஞ்சுச் சொல் மெலானிக்குப் புரியவில்லை. உடனே அவர் அந்தப் பிள்ளைகளின் ஊர்ப் பேச்சுக்கு மாறிவிட்டாராம்! படித்தவர்களின் பாஷையை விட்டுவிட்டு மாடு மேய்க்கிறவர்களின் பாஷையில் பேசியிருக்கிறார்.

அவர் கழுத்தில் தொங்கிய சிலுவையின் ஒரு பக்கம் சுத்தியல், இன்னொரு பக்கம் குறடு இருந்ததாகப் பிள்ளைகள் சொன்னார்கள். சலேத் மாதாவின் அடையாளமே இதுதான். பாவம் செய்யும்போது மனிதன் சுத்தியலை எடுத்து ஆணி அடிக்கிறான், மனம் திரும்பும்போது குறட்டை எடுத்து அதே ஆணியைப் பிடுங்குகிறான் என்று விளக்கம் சொல்வார்கள். இரண்டு கருவிகளும் ஒரே சிலுவையில்தான் இருக்கின்றன. எதை எடுப்பது என்பது நம் கையில். 'பாவிகளை ஒப்புரவாக்கும் மாதா' என்ற பட்டம் இவருக்கு வந்தது இதனால்தான்.

ஒரு துண்டு ரொட்டி

மாக்சிமினின் அப்பா வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். வேலை முடிந்தால் மதுக்கடை, கோவில் பக்கமே போவதில்லை. மகன் சொன்ன கதையைக் கேட்டு அவருக்குக் கோபம்தான் வந்தது.

ஆனால் கதையில் ஒரு இடம் அவரைப் பற்றியது. கெட்டுப்போன கோதுமையைப் பார்த்ததில்லையா என்று அந்தப் பெண்மணி கேட்டபோது இல்லை என்றான் மாக்சிமின். "ஒருநாள் உன் அப்பாவோடு ஒரு வயலுக்குப் போனாய். திரும்பும்போது அவர் உனக்கு ஒரு துண்டு ரொட்டி கொடுத்து, இந்த வருஷம் சாப்பிடு, அடுத்த வருஷம் யாருக்குக் கிடைக்குமோ என்றார்" என்ற பொருளில் அவர் நினைவுபடுத்தினாராம். அப்பாவுக்கும் மகனுக்கும் மட்டும் தெரிந்த சின்ன விஷயம்! அதைக் கேட்டதும் அந்த மனிதர் உடைந்துபோனார். அந்த மலைக்குப் போனார், மறுபடி பூசைக்குப் போகத் தொடங்கினார். 1849-இல் இறக்கும்வரை அவர் பழைய வழிக்குத் திரும்பவில்லை என்கிறார்கள்.

கவனியுங்கள். அவரை மாற்றியது நரகத்தைப் பற்றிய பயம் இல்லை. பிள்ளைக்கு ஒரு துண்டு ரொட்டி கொடுத்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள் என்ற எண்ணம்தான்.

சாட்சியே தடுமாறினால்?

இதோடு முடிந்திருந்தால் இது சாதாரண பக்திக் கதை. ஆனால் மாக்சிமினின் வாழ்க்கை அப்படிப் போகவில்லை.

1850-இல் அவனை ஆர்ஸ் என்ற ஊரில் இருந்த புகழ்பெற்ற பங்குச் சாமியார் ஜான் வியான்னியிடம் கூட்டிப்போனார்கள். அங்கே பையன் ஏதோ சொல்ல, அவன் ஒன்றையும் பார்க்கவில்லை என்று அந்தச் சாமியார் புரிந்துகொண்டார். பிற்காலத்தில் புனிதராக்கப்பட்ட அவரே பல வருடங்கள் இந்தக் காட்சியை நம்பவில்லை! கிரனோபிள் ஆயர் விசாரித்து 1851-இல் காட்சியை ஏற்றுக்கொண்டார். ஆனால் மாக்சிமின் எதிலும் நிலைக்கவில்லை. குருமடத்தில் சேர்ந்தான், முடிக்கவில்லை. மருத்துவம் படித்தான், முடிக்கவில்லை. 1865-இல் போப்பாண்டவரின் படையில் சில மாதங்கள் இருந்தான். பிறகு ஒரு மது வியாபாரி அவனைக் கூட்டாளியாகச் சேர்த்து, சலேத் பெயரை வைத்தே மது விற்றார். அதிலும் நஷ்டம், கடன். குடிக்கிறவன் என்ற பேச்சும் வந்தது. 1875 மார்ச் 1-ஆம் தேதி, 40 வயதுகூட ஆகாமல், ஏழையாகவே இறந்தான்.

மெலானியும் ஒரு இடத்தில் நிலைக்காமல் அலைந்து 1904-இல் இத்தாலியில் இறந்தார்.

மாதாவைப் பார்த்தவர்களே இப்படியா என்று அந்தக் காலத்திலேயே கேலி செய்தார்கள். அதற்கு அடுத்து வந்த ஆயர் 1855-இலேயே பதில் சொல்லியிருந்தார். பிள்ளைகளின் வேலை முடிந்துவிட்டது, இனிமேல் அவர்கள் வழி தவறினாலும் செய்தி பொய்யாகாது என்பது அதன் சாரம். மாக்சிமினும் எவ்வளவு தடுமாறினாலும் சொன்னதை மாற்றவில்லை. 1866-இல் தன் சாட்சியத்தை ஒரு சிறு புத்தகமாகவே வெளியிட்டார். அதே 1866-இல்தான் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு இந்தப் பக்கம், பழனி மலையில், சலேத் மாதாவுக்குக் கோவில் எழும்பியது!

அவர் இறந்த பிறகு அவருடைய இதயத்தை மட்டும் எடுத்து சலேத் பேராலயத்தில் வைத்தார்கள். தோற்றுப்போன ஆள் என்று ஒதுக்கவில்லை.

பெரியப்பாவின் கதை

இப்போது நான் ஏன் இதை எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பெரியப்பா குடிப்பார். ஒரு திருவிழாவில், தேர் போகும்போது, இனி தொடமாட்டேன் என்று மாதாவிடம் சத்தியம் செய்தார். ஏழு மாதம் இருந்தார், மறுபடி விழுந்தார். அடுத்த வருடம் வெட்கப்பட்டுக் கோவிலுக்கே வரவில்லை. அப்புறம் பெரியம்மா இழுத்து வந்தார். பாவசங்கீர்த்தனம் செய்தார், மறுபடி சத்தியம், மறுபடி விழுந்தார். வீட்டில் எல்லோரும் கேலி செய்தோம். நான்தான் அதிகம். "மாதாவையே ஏமாத்துறாரு" என்று அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன்.

நாலாவது முறை எழுந்தவர், இப்போது இரண்டு வருடம் தாண்டிவிட்டது. சென்ற லீவில் போனபோது மாக்சிமின் கதையை அவரிடம் சொன்னேன். கிழங்கு அழுகியதைச் சொன்னபோது தலையாட்டினார். அவருக்குத் தெரியாத நோயா அது? கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி, கருகல் வந்தா தழையைத்தான் அறுத்து எரிப்போம். மண்ணுக்குள்ள கிழங்கு நல்லாயிருக்கும்டா. அவசரப்பட்டு எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுடக் கூடாது" என்றார். கேலி செய்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துக்கொண்டே டீ போடப் போய்விட்டார்.

பாவத்தை ஜெயிப்பது என்றால் ஒரே நாளில் பரிசுத்தவானாக மாறுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கோவிலின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. விழுந்தவன் மறுபடி வரலாம், வருகிறவனைக் கணக்குப் பார்த்து விரட்டக்கூடாது என்றுதான் சொல்கிறது. நம்பிக்கை உள்ளவர்களுக்கு அந்த மறுபடி வருகிற பலம் கடவுளிடமிருந்து கிடைக்கிறது. நம்பிக்கை இல்லாத நண்பர்களும், வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், கேலி செய்யும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

அடுத்த முறை கொடைக்கானல் போனால் சலேத் மாதா கோவிலுக்கும் போய் வாருங்கள். அந்த மாதாவின் படத்தை எங்கே பார்த்தாலும், சிலுவையில் சுத்தியலும் குறடும் இருக்கிறதா என்று பாருங்கள்.