பழையனூர் நீலி

கணவன் கையால் மாண்டு, பேயாகி, பழிதீர்த்தவளாகச் சொல்லப்படும் தொண்டைநாட்டுப் பெண். பழையனூர் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டை ஒட்டி இருக்கிறது.

கதைக்கு வடிவங்கள் பல. அவற்றுள் ஒன்றில், முற்பிறவியில் மனைவியைக் கொன்றவன் மறுபிறவியில் வணிகனாக இவ்வூர் வழியே வருகிறான். அவன் கையில் மந்திரவாள் இருப்பதால் நீலியால் நெருங்க முடியவில்லை. கள்ளிக்கொம்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'கைவிட்டுப் போகிறாரே' என்று ஊர்ச்சபையில் அழுகிறாள். குழந்தையும் அவனிடம் தாவுகிறது. இருவரும் அன்றிரவு ஒரே வீட்டில் தங்கவேண்டும் என்று வேளாளர் எழுபது பேர் தீர்ப்புச் சொல்கிறார்கள். அஞ்சி நடுங்கும் வணிகனிடமிருந்து வாளை வாங்கி வைத்துக்கொண்டு, அவன் உயிருக்குத் தங்கள் உயிரையே பிணை வைக்கிறார்கள். விடிந்து கதவைத் திறந்தால் அவன் பிணம். சொன்ன சொல் தவறாமல் எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள்.

7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய திருவாலங்காட்டுப் பதிகமே இச்செய்தியைச் சுட்டுகிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரும் தொண்டைநாட்டுச் சிறப்புகளில் ஒன்றாக இதைப் பெரியபுராணத்தில் பாடினார். சைவ மரபு போற்றுவது வேளாளரின் வாய்மையை; கொலையுண்டவளின் நியாயத்தை அது விசாரிக்கவில்லை.

அந்தக் குறையை ஒரு சமணப் புலவர் தீர்த்தார். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசியில், காளிக்கு ஆடு பலியிட வந்தவர்களிடம் மண்ணால் செய்த உருவத்தைப் படைத்தால் போதும் என்கிறார் முனிச்சந்திரர் என்னும் துறவி. அவரை விரட்டக் காளி வரவழைத்த பேய் பழையனூர் நீலிதான். அச்சுறுத்தினாள், அழகியாக வந்து மயக்கினாள், முனிவர் அசையவில்லை. முடிவில் அவரிடமே அறம் கேட்டுக் கொல்லாமை ஏற்றாள். பிறகு ஊர் ஊராகச் சென்று பௌத்தர்களான குண்டலகேசி, மொக்கலன், மற்றும் ஆசீவகர், சாங்கியர், வேதவாதியர் எனப் பலரை வாதில் வென்றாள். பழிவாங்கிய பேயைத் தருக்கவாதியாக்கிய இந்தத் துணிவுக்கு ஈடாகத் தமிழில் வேறொன்றைச் சொல்வது கடினம். சமயதிவாகர வாமன முனிவர் உரையுடன் இந்நூலை அ. சக்கரவர்த்தி 1936இல் பதிப்பித்தார்.

நீலகேசியைத் தம் நூலாகக் கொண்ட தமிழ்ச் சமணர் இன்றும் திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி வட்டாரச் சிற்றூர்களில் வாழ்கிறார்கள். அவர்களுடைய தலைமை மடம் விழுப்புரம் மாவட்டத்து மேல்சித்தாமூரில் இருக்கிறது.