உறுமலும் சங்கிலியும்

பாலவாக்கம் கடற்கரையில் விடியற்காலை நடக்கச் செல்வோர் இருவகை நாய்களைக் காண்பர். படகோரம் மணலில் சுருண்டுறங்கும் குப்பத்து நாய்கள் ஒருவகை; அவற்றுக்குச் சங்கிலி இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை வீடுகளிலிருந்து பயிற்றுநரோடு வரும் அல்சேஷன், லாப்ரடார் நாய்கள் மற்றொரு வகை. இவற்றின் கழுத்தில் ‘சோக் செயின்’ கிடக்கும். நாய் முந்தினால் பயிற்றுநர் வெடுக்கென இழுப்பார். சங்கிலி ஒரு கணம் இறுகித் தளரும். இதற்கு அவர்கள் இட்டுள்ள பெயர் ‘கரெக்ஷன்’, அதாவது திருத்தம். நம் சிறுவயதில் மறைக்கல்வி ஆசிரியரின் பிரம்புக்கும் ஏறக்குறைய இதே பெயர்தான்.

இத்திருத்தத்திற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. செருமனியில் காவல் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் என்பார் 1910-இல் ஒரு பயிற்சி நூலை வெளியிட்டார். நாய்க்கு நம் பேச்சும் புரியாது, நம் நீதிநெறியும் புரியாது. ஒரு செயலும் அதனை உடனே தொடரும் இன்பமோ துன்பமோதான் அதன் மனத்தில் பதியும் என்பது அவர் கொள்கை. கூர்மையான கொள்கைதான், பாராட்டும் அவரிடம் உண்டு. ஆயினும் முள் பதித்த கழுத்துப்பட்டையும் சவுக்கும் அவர் கருவிகளாயின. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கு நாய் பழக்கியவரும், பின்னர் வால்ட் டிஸ்னி படங்களுக்கு விலங்குகளைப் பழக்கியவருமான வில்லியம் கோலர், 1962-இல் தம் நூலால் இம்முறையை வீடுதோறும் கொண்டுசேர்த்தார். தோட்டத்தில் பள்ளம் தோண்டும் நாய்க்கு அவர் கூறிய மருந்து, அப்பள்ளத்தில் நீர் நிரப்பி நாயின் தலையை அதில் அமிழ்த்துவது! வாசகர் முகம் சுளிக்கலாம். அக்காலத்தில் அந்நூல் பெரிதும் விற்றது.

‘அடியாத மாடு படியாது’ என்று சொல்லும் நமக்கு கோலரைக் குறைகூறத் தகுதியில்லை. நம் பங்கு இல்லத்தில் ஒரு நாட்டு நாய் இருந்தது. தட்டில் சோறு வைத்தபின் எவரேனும் அருகே சென்றால் உறுமும். பெரியவர் ஒருவர் கூறிய யோசனைப்படி, உறுமும்போதெல்லாம் செய்தித்தாளைச் சுருட்டி அதன் முகத்தில் அடித்தோம். ஐந்தாறு நாளில் உறுமல் நின்றது. நாய் திருந்திவிட்டதென்று பலரிடமும் பெருமையாகச் சொல்லவும் செய்தோம். இரண்டு மாதம் கழித்து, கோயில்பிள்ளையின் ஏழு வயது மகள் தட்டருகே உருண்ட பந்தை எடுக்கக் குனிந்தாள். ஓசையேதும் எழுப்பாமல் நாய் அவள் முன்கையைக் கடித்தது. ஒவ்வொரு தடுப்பூசிக்கும் அப்பிள்ளையை அழைத்துச் சென்றது நாமே. அவள் தந்தை நம்மை ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

நாம் அடித்து நிறுத்தியது நாயின் எச்சரிக்கையை. உணவு பறிபோகுமோ என்ற அச்சம் அதனுள் அப்படியே இருந்தது. அடியால் அது வளர்ந்துமிருக்கலாம்.

பிறகுதான் இதுபற்றிப் படிக்கத் தொடங்கினோம். தண்டனை பலிக்க வேண்டுமாயின் அது தொடக்கத்திலேயே போதிய வலிமையுடன், செயல் நிகழ்ந்த அக்கணமே, ஒவ்வொரு முறையும் தவறாமல் வரவேண்டும் என்று அசரின், ஹோல்ஸ் என்னும் உளவியலார் 1966-இல் எழுதினர். எந்த வீட்டில் இது கூடும்? கூடினாலும் நாய் எதனை எதனோடு இணைத்துக்கொள்ளும் என்பது நம் கையில் இல்லை. அடி விழும் நொடியில் அதன் கண்ணெதிரே நிற்பது குழந்தையாயின், வலி குழந்தையோடு சேர்ந்துவிடும். பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தார் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் நடத்தைச் சிக்கலுள்ள நாய்களை வளர்ப்போர் 140 பேர் விடையளித்தனர். நாயை அடித்ததாக அல்லது உதைத்ததாகக் கூறியோரில் 43 விழுக்காட்டினரின் நாய்கள் அதற்கு எதிராகச் சீறின, அல்லது கடிக்க வந்தன.

அடிபட்ட நாய் வாலைக் குழைத்துக்கொண்டு வருகிறதே, அது தன் தவற்றை உணர்ந்ததன் அடையாளமல்லவா என்று சிலர் கேட்பர். எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கவும் வால் குழைக்கும் நாயை நாலடியார் நட்புக்கு உவமை கூறுகிறது. அதைப் பாடிய சமணத் துறவியர் கண்டது நாயின் அன்பை, குற்றவுணர்வை அன்று. நாயின் ‘குற்றமுள்ள முகம்’ அது செய்த தவற்றைப் பொறுத்ததன்று, உரிமையாளர் அதட்டுவதைப் பொறுத்தது என்று அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களைக் கொண்டு ஆராய்ந்து 2009-இல் காட்டினார்.

இவற்றுக்கெல்லாம் முன்பே நம் அண்டையூரில் ஒருவர் இதற்காகப் போராடியிருக்கிறார். திருவான்மியூரில் கலாக்ஷேத்திராவை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார், 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டதும் விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் எனப் பிரதமர் நேரு உறுதியளித்ததால் அதனைத் திரும்பப் பெற்றார். சட்டம் 1960-இல் பிறந்தது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவு, தேவையற்ற வலி உண்டாக அடிப்பதை மட்டும் குற்றமாக்கவில்லை. அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனத்த சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும், எப்போதும் கட்டிக்கிடக்கும் நாயை உலவ விடாதிருப்பதும் அதன்படி குற்றமே. முதல் குற்றத்துக்கு அது விதித்த தண்டம் 10 முதல் 50 ரூபாய். நம் பங்கில் எத்தனை வீடுகள் இத்தண்டத்திலிருந்து தப்பும் என்று எண்ணிப் பார்க்க அஞ்சுகிறோம்.

சங்கிலியின் செல்வாக்கைக் குறைத்தவற்றுள் கடல்வாழ் உயிர் ஒன்றும் உண்டு. ஹவாய்த் தீவில் ஓங்கில்களைப் பழக்கிய கரேன் பிரையர் அம்மையார், கழுத்தில் கட்டவோ அடிக்கவோ இயலாத, வெறுப்பேற்றினால் நீந்திப் போய்விடும் உயிரிடம் ஊதலும் மீனும் கொண்டே வேலை வாங்கினார். அந்த அனுபவத்தை 1984-இல் நூலாக்கினார். நாய் பழக்குவோர் அதனைப் பற்றிக்கொண்டனர்.

நம் நாயிடம் நாம் செய்ததும் அத்தகையதே. அது உண்ணும்போது பத்தடி தொலைவில் நின்று ஓர் இறைச்சித் துண்டை எறிந்துவிட்டு விலகினோம். மறுநாளும் அவ்வாறே; உடல் விறைக்காத நாளில் மட்டும் ஓரடி நெருங்கினோம். ஆறு வாரம் ஆயிற்று, நாம் வருவதைக் கண்டு அது தட்டிலிருந்து தலைநிமிர்ந்து வாலாட்ட. ஆயினும் அதன்பின் இறுதிவரை அதற்கு உணவிட்டது அடைத்த கதவுக்குப் பின்னால்தான். கோயில்பிள்ளையின் மகள் மட்டும் அந்தக் கதவு திறக்கும் ஓசை கேட்டால் தந்தையின் பின்னால் போய் நின்றுகொள்வாள்.