யார் கையில் அளவுகோல்?

தோழர்களே, சிறப்புக் கல்வி ஆசிரியர் என்றதும் நாம் பொறுமை, கருணை என்றே பேசுகிறோம். அதிகாரம் என்று பேசுவதில்லை. அமெரிக்க வரலாறு அதைப் பேச வைக்கிறது.

அன்று 'மனவளர்ச்சி குன்றியோர்' எனப்பட்ட குழந்தைகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கும் பேராசிரியர்களைப் பயிற்றுவிக்க, 1958இல் பல்கலைக்கழகங்களுக்கு நிதி தரும் சட்டம் அங்கே வந்தது. படித்தவர்கள் பெருகினார்கள். ஆனால் அந்த வகுப்புகளில் யாரை உட்கார வைத்தார்கள்? 1968-69இல் கலிபோர்னியா பள்ளி மாணவர்களில் கருப்பினத்தவர் 9 சதவீதம். இந்த வகுப்புகளிலோ 27 சதவீதம். அவர்களை அங்கே தள்ளியது ஐ.க்யூ. தேர்வு. வெள்ளை நடுத்தர வர்க்க வீட்டின் மொழியையும் பழக்கத்தையும் அது அறிவு என்று அளந்தது.

1971இல் சான் பிரான்சிஸ்கோவின் கருப்பினப் பெற்றோர் வழக்கு தொடுத்தார்கள். கருப்பின உளவியலாளர்கள் அக்குழந்தைகளுக்குப் பழகிய சொற்களில் மறுபடி சோதித்தார்கள். எல்லோரும் வரம்பைத் தாண்டினார்கள். 1979இல் பெற்றோர் வென்றார்கள்.

இதற்கிடையே 1975 சட்டம் பாகுபாடற்ற மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியிருந்தது. 1986 திருத்தம் 3 வயதுக் குழந்தைக்கும் அந்த உரிமையை நீட்டியது; மழலையருக்கான முதுகலைப் பயிற்சியும் விரிந்தது. ஒற்றைத் தேர்வை நம்பாதே, குழந்தையின் விளையாட்டைக் கவனி, தாயிடம் கேள் என்பது அதன் பாடம்.

சேரிக் குழந்தையை 'மக்கு' என்று கடைசி பெஞ்சுக்குத் தள்ளுவதையும், உண்மையிலேயே உதவி தேவைப்படும் குழந்தையைக் கவனியாமல் விடுவதையும் நாம் பார்த்தே வளர்ந்தோம். இரண்டும் அளப்பவர் கையில் இருக்கிறது. அந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்போம். அளவுகோல் நம் கைக்கும் வரட்டும்.