பழைய மோட்டார் வண்டியும் பாட்டரியும்

பழைய மோட்டார் வண்டியைப் பேணும் அன்பர்கள், பாட்டரியை மாற்றுமுன் அவ்வண்டி எந்த ஆண்டில் செய்யப்பட்டதென அறிதல் வேண்டும். அறியாது கைவைப்பின் மின்கருவிகள் கருகிப்போகும்.

ஈயத் தகடுகளைக் கந்தகத் திராவகத்தில் இட்டு மின்சாரத்தைச் சேமிக்கும் முறையை 1859-ஆம் ஆண்டில் கண்டவர் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே. எனினும் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்துவக்கி 1912-இன் காடிலாக் வண்டியில் வந்த பின்னரே பாட்டரி மோட்டாருக்கு இன்றியமையாததாயிற்று. அதற்குமுன் கைப்பிடியைச் சுழற்றிக் கை ஒடிந்தோர் பலர்!

அமெரிக்க வண்டிகளில் நெடுங்காலம் வழங்கியது மூன்று அறைகள் கொண்ட 6 வோல்ட் பாட்டரி. 1950-களின் நடுவில் அங்கே 12 வோல்ட் பரவிற்று. ஜெர்மானிய வோக்ஸ்வாகன் பீட்டிலோ மேலும் பத்தாண்டுகள் 6 வோல்ட்டிலேயே ஓடிற்று.

பிரிட்டிஷ் வண்டிகளின் கதை விந்தையானது. அவற்றுள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே வண்டியின் இரும்பு உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. 1962-இல் வெளிவந்த எம்.ஜி.பி. வண்டியும் அவ்வாறே. 1967-இன் இறுதியில் டைனமோ நீங்கி ஆல்டர்னேட்டர் வந்தபோது எதிர்முனைக்கு மாறினர். அதில் முனைகளை மாற்றிப் பூட்டினால் டயோடுகள் நொடியில் எரிந்துவிடும். அவ்வண்டியில் 1974 வரை இருக்கைகளுக்குப் பின்னே இரண்டு 6 வோல்ட் பாட்டரிகள் தொடராக இருந்தன. எளிதில் எட்டாத இடமாதலால் பலர் அவற்றை மறந்தே போயினர்.

ஓட்டாது நிறுத்திய வண்டியின் பாட்டரி தானே வடியும்; நம் நாட்டு வெப்பத்தில் விரைந்து வடியும். அவ்வாறே கிடந்தால் தகடுகளில் ஈயச் சல்பேட் இறுகிவிடும். ஆகவே அடிக்கடி மின்னேற்றுதல் நன்று. ஓய்விலிருக்கும் 12 வோல்ட் பாட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டினால் நிறைவாக உள்ளதென்க. அறைகளில் நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக, திராவகத்தை ஊற்றற்க.