காரில் கருகல் வாடை வருதா? எந்த வாடைக்கு என்ன பழுது?

ஓடும் காரில் திடீரென கருகல் வாடை வந்தால், எந்த மாதிரி வாடை என்பதை முதலில் கவனியுங்கள். பாதிப் பழுது அதிலேயே தெரிந்துவிடும்.

பிளாஸ்டிக் உருகும் வாடை என்றால் வயரிங். இதுதான் ஆபத்து. உடனே ஓரங்கட்டி, இன்ஜினை ஆஃப் செய்து எல்லோரும் இறங்கிடுங்க. புகை வந்தால் பானட்டைத் திறக்கவே கூடாது, காற்று புகுந்து தீ குபீரென எழும். பல நேரம் காரணம் நாமே மாட்டியதுதான்: 60/55 வாட் ஹெட்லைட் வயரில் ரிலே இல்லாமல் 100/90 வாட் பல்பு, ஒட்டுப்போட்ட மியூசிக் சிஸ்டம். 10 ஆம்ப் சிவப்பு ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு 20 ஆம்ப் மஞ்சள் ஃபியூஸ் போடுவது இன்னும் மோசம். ஃபியூஸ் தாங்கும், வயர் தாங்காது.

சக்கரத்துப் பக்கம் வாடை அடித்தால் பிரேக். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் வராமல் என்ன செய்யும்? நிறுத்தி நன்றாக ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிவிடும். பிறகு இரண்டாவது கியரில் இறங்கலாம். சமதளத்திலும் ஒரே சக்கரம் கொதித்தால் காலிப்பர் சிக்கியிருக்கலாம்; மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஏற்றத்தில் ஹாஃப் கிளட்சில் நின்றாலும் கருகும். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி நகரலையா? கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது.

எண்ணெய் காய்ந்த வாடை என்றால் சூடான எக்ஸாஸ்ட் மேல் ஆயில் சொட்டுகிறது. இன்ஜின் ஆறியதும் டிப்ஸ்டிக்கில் அளவு பாருங்கள். குறைந்திருந்தால் ஆயில் ஊற்றினால் மட்டும் போதாது, கசிவையும் அடைக்கணும்.